சூதாடியின் மூளையும் குளிசையும்

உளமருத்துவக் கையேடுகளில் சூதாட்டம் ஒரு நோயாக இடம்பிடித்தது வெகு பிந்தித்தான். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தனது கையேட்டின் மூன்றாம் பதிப்பில், 1980இல், அதனை முதன்முதலாகச் சேர்த்தது. அப்போதும் களவெடுக்கும் உந்துதல், தீவைக்கும் உந்துதல் ஆகியவற்றின் வரிசையில்தான். 2013இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பே அதனை மதுவுக்கு அருகில் கொண்டுபோய் வைத்தது. (வள்ளுவர் கள்ளுண்ணாமையை அடுத்துச் சூதையும், சூதை அடுத்து மருந்தையும் வைத்திருப்பதை வாசகர்கள் அறிவார்கள்.)

இந்த இடமாற்றத்துக்குத் துணைநின்றவற்றுள் மூளைப் படங்களும் அடங்கும். 2005இல் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகர ஆய்வாளர்கள் 12 சூதாடிகளையும் ஏனையோர் 12 பேரையும் காந்த அதிர்வுக் கருவியினுள் படுக்கவைத்துச் சீட்டு ஊகிக்கச் செய்தனர். வெற்றி சூதாடிக்குப் பெருங்கிளர்ச்சி தரும் என்றே நாம் எண்ணுவோம். ஆனால், மூளையின் வெகுமதி உணரும் பகுதி அவர்களிடம் குறைவாகவே இயங்கியது; நோய் முற்றியவர்களிடம் இன்னும் குறைவு. பின்வந்த ஆய்வுகள் சில இதற்கு மாறான முடிவுகளையும் தந்தன.

அதே 2005இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலைய வைத்தியர்கள் வேறொரு செய்தியை வெளியிட்டனர். டொபமீனைப் போலச் செயற்படும் மருந்தை உட்கொண்ட பார்க்கின்சன் நோயாளர் 11 பேர் சூதாட்ட வெறிக்கு ஆளாகியிருந்தனர். மருந்தைக் குறைத்த அல்லது நிறுத்திய பின்னர் பலரிடம் அவ்வெறி அகன்றது. சூதாட்டம் ஒழுக்கக்கேடு மாத்திரமே என்று வாதிட்டவர்களுக்கு இதைவிடச் சங்கடமான சான்று கிடைத்திருக்க முடியாது.

குளிசையால் வெறி வருமெனில் குளிசையால் அதனைப் போக்கவும் இயலுமா? அபின் வகை ஏற்பிகளைத் தடுக்கும் நல்ட்ரெக்சோன் 2001இல் மினசோட்டாவில் பரிசோதிக்கப்பட்டபோது நம்பிக்கை பிறந்தது. அதன் உறவு மருந்தான நல்மெஃபீன் பற்றிய 2006ஆம் ஆண்டு ஆய்வில், குறைந்த அளவு எடுத்தோரில் நூற்றுக்கு 59 பேர் தேறினர். வெற்றுக்குளிசை எடுத்தோரிலும் 34 பேர் தேறினர்! 2010இல் வெளியான ஆய்வில் மருந்துக்கும் வெற்றுக்குளிசைக்கும் இடையே தெளிவான வேறுபாடு புலப்படவில்லை.

நோயாளியின் வாய்மொழியை மாத்திரம் நம்பாது, மருந்து எங்கே வேலை செய்கிறது என்று காட்டும் சாட்சி வேண்டும் என்ற எண்ணம் இதனால்தான் வலுப்பெற்றது. லண்டன் இம்பீரியல் கல்லூரியினர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், சூதாடிகளின் மூளை தானே சுரக்கும் அபின் போன்ற பொருள் மற்றவர்களைவிடக் குறைவாக வெளிப்பட்டது. நல்ட்ரெக்சோன் தடுப்பது அப்பொருளின் வேலையையே. எனினும் இவை சிறு குழுக்களின் சராசரிகள். ஒருவரது படத்தைப் பார்த்து இவர் சூதாடி என்றோ இவருக்கு இக்குளிசை பலிக்கும் என்றோ எந்த வைத்தியராலும் கூற இயலாது. சூதாட்ட நோய்க்கென அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் இதுவரை எந்த மருந்தையும் அங்கீகரிக்கவில்லை. சூதாட்டத்தைத் தூண்டக்கூடும் என்ற எச்சரிக்கை மட்டும் அந்தப் பார்க்கின்சன் மருந்துகளின் குறிப்புத்தாளில் அச்சிடப்பட்டுள்ளது.