எலியேசரின் இலத்திரன்

கொள்கைநிலைப் பௌதிகவியல் பற்றிப் பேச்செழுந்தால் எங்கட ஆட்கள் அப்துஸ் ஸலாமின் பெயரைச் சொல்லி அத்தோடு நிறுத்திவிடுவார்கள். 1979இல் நோபல் பரிசு பெற்றவர், சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஸலாம் கேம்பிரிட்ஜுக்குப் போவதற்கு முன்பே அங்கு டிராக்கின் மாணவராக இருந்து பெயர் பெற்றவர் ஒருவர் வடமராட்சியில் படித்தவர் என்பதை எத்தனை பேர் அறிவோம்?

கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர் 1918இல் பிறந்தார். பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியிலும், பின் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் படித்துக் கேம்பிரிட்ஜ் சென்றார். அவருக்கு ஏழு வருடம் மூத்தவர் வண்ணார்பண்ணையில் பிறந்த எங்கள் ஏ. எம். ஏ. அஸீஸ். அவர் படித்தது வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும். முஸ்லிம் பிள்ளை சைவப் பள்ளியில், எலியேசர் மிஷன் பள்ளியில். அந்தக் காலத்து யாழ்ப்பாணம் அப்படித்தான் இருந்தது.

எலியேசர் எடுத்துக்கொண்ட கேள்வி எளியது. ஐதரசன் அணுவில் ஒரு புரோத்தனைச் சுற்றி ஓர் இலத்திரன். சுற்றுகிற பொருளுக்கு ஆர்முடுகல் உண்டு. ஆர்முடுகும் மின்னேற்றம் ஒளியாகச் சக்தியை உமிழும். சக்தி போகப் போக இலத்திரன் உள்ளே விழ வேண்டும். பழைய கணக்கின்படி ஒரு செக்கனைப் பத்தாயிரம் கோடி கூறாக்கினால் ஓரிரு கூறு நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். நாமும் இல்லை, இந்தச் சஞ்சிகையும் இல்லை. சொட்டுப் பௌதிகம் மூலம் இதற்கு விடை கிடைத்தது தனிக்கதை.

ஆனால் ஒரு சிக்கல் மிஞ்சியிருந்தது. தான் உமிழும் கதிர்ப்பு இலத்திரனையே திருப்பித் தள்ளுமே, அந்தத் தள்ளலை எப்படிக் கணக்கில் எடுப்பது? 1938இல் டிராக் ஒரு சமன்பாடு தந்தார். அதில் வேகமும் ஆர்முடுகலும் மட்டுமல்ல, ஆர்முடுகல் மாறும் வீதமும் வந்து சேர்ந்தது. வினை அங்கேதான். யாரும் தள்ளாமலே இலத்திரன் தானாக வேகமெடுத்து ஓடும் தீர்வுகளையும் அது தந்தது. கயிறறுத்த மாடு மாதிரி.

எலியேசர் 1943இல் இந்தச் சமன்பாட்டை ஐதரசன் அணுவுக்குப் பிரயோகித்துப் பார்த்தார். நேர்கோட்டில் புரோத்தனை நோக்கி வரும் இலத்திரன் அதை எட்டவே மாட்டாது. இடையில் நின்று, திரும்பி, ஒளிவேகத்தை அண்மித்தபடி வெளியே ஓடிவிடும். ஈர்க்கிற பொருளை விட்டு ஓடுகிறது! இதைத்தான் எலியேசர் தேற்றம் என்கிறார்கள். ஆசிரியரின் சமன்பாட்டையே எடுத்து, அது எங்கே இடறுகிறது என்று காட்டிய துணிச்சல் இருபத்தைந்து வயதுக்காரருடையது. 1948இல் அவரே வேறொரு வடிவத்தையும் முன்வைத்தார்.

1949இல் இலங்கைப் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியரானார். 1956ஐயும் 1958ஐயும் பார்த்துவிட்டு 1959இல் மலாயாவுக்குப் போனார், 1968இல் மெல்பேணுக்கு. 2001இல் அங்கேயே காலமானார்.

ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. பிற்காலத்தில் அவர் புலம்பெயர் தமிழர் அரசியலில் ஈடுபட்டார். விடுதலைப் புலிகள் அவருக்கு ‘மாமனிதர்’ பட்டம் வழங்கினார்கள். 1990 ஒக்டோபர் 30இல் சோனகத் தெரு மக்களை இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றியதும் அதே இயக்கம்தான். அந்தப் பட்டத்தோடு ஒரு பெயரைக் கேட்டால் நம்மில் பலருக்கு நெஞ்சு கனக்கும். ‘இவரைப் பற்றி நாங்கள் ஏன் எழுத வேணும்?’ என்று கேட்பவர்களையும் நான் குறை சொல்லமாட்டேன். ஆனாலும் யாழ்ப்பாண வரலாற்றிலிருந்து எங்களைக் கழித்துவிடாதீர்கள் என்று முப்பது வருடத்துக்கு மேலாக வாதாடி வருகிறோம். அந்த வரலாற்றில் நாம் பங்குதாரர் என்றால், ஹாட்லியிலிருந்து போன கணக்கிலும் எமக்குப் பங்குண்டு. பட்டத்தை ஏற்க மறுக்கலாம். 1943ஆம் ஆண்டுக் கணக்கை ஏன் இழக்க வேண்டும்?

அந்தக் கணக்கு இன்னும் பழசாகவில்லை. 1991இல் போர்ட், ஓகொனல் இருவரும் வேறு வழியால் வந்து எலியேசரின் 1948ஆம் ஆண்டு வடிவத்தையே அடைந்தார்கள். இப்போது மூவர் பெயரும் சேர்ந்தே அதற்கு வழங்குகிறது. 2018இல் இங்கிலாந்தின் ரதர்போர்ட் ஆய்வுகூடத்தில் கடும் லேசர் ஒளியோடு இலத்திரன் கற்றையை மோதவிட்டு, இலத்திரன்கள் இந்தத் தள்ளலால் சக்தி இழப்பதை இரு குழுக்கள் அளந்தன. எந்தச் சூத்திரம் மிகச் சரி என்பதில் விவாதம் தொடர்கிறது.

அண்டவெளியிலும் இதே கதை வருகிறது. பெருங் கருந்துளையைச் சுற்றும் சிறிய கருந்துளை ஈர்ப்பலையை உமிழ்ந்து சக்தி இழந்து உள்ளே சுருள்கிறது. அதன் சொந்த அலையே அதைத் தள்ளுகிறது. அந்த அலைகளைக் கேட்க லிசா என்ற விண்கலத் திட்டத்தை ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2024 ஜனவரியில் ஏற்றுக்கொண்டது. ஏவுவது 2030களில்தான். அதற்கிடையில் கணக்கு வேலை காகிதத்திலும் கணினியிலும் நடந்துகொண்டிருக்கிறது.