லயத்திற்கு வந்த திரை

2015இல் பதுளைக் கடையொன்றில் தோட்டத்து நண்பரொருவருடன் இரு மலிவான 32 அங்குலத் தட்டைத்திரைகளின் முன் நின்றேன். ஒன்று 1366×768 புள்ளிகள் கொண்டது. விலை கூடிய மற்றையது 1920×1080.

ரூபவாஹினி தொடங்கியது 1982 பெப்ரவரி 15இல். மின்சாரம் எட்டாத லயக் காம்பராக்களுக்குக் கறுப்பு வெள்ளைப் பெட்டிகளே தோதாயின. 12 வோல்ட் கார் பற்றரியில் அவை ஓடும். வண்ணப்பெட்டியோ பற்றரியை விரைவில் குடித்துவிடும். பற்றரியைச் சுமந்துபோய்ச் சார்ஜ் ஏற்றிவரும் செலவும் பெட்டியின் விலையே அல்லவா? தெளிவைத் தீர்மானித்தவை மலைமறைப்பும் அன்ரனாவும்தாம்.

நண்பர் வீட்டிலும் அன்ரனாதான். அதில் வந்த 625 வரி ஒளிபரப்பில் படத்துக்குரியவை ஏறத்தாழ 576. அதற்கு முதற்றிரையே தாராளம். அதையே வாங்கச் சொன்னேன். மிச்சப் பணம் உயரமான அன்ரனாக் கம்பத்துக்குப் போயிற்று.