காவுதடியிலிருந்து கல்லாவுக்கு: பினாங்குத் துறைமுக நகரில் தமிழர் உணவகங்கள் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

துறைமுக நகரங்களின் வரலாறு பெரும்பாலும் கப்பல், சரக்கு, வரி ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. அச்சரக்கைச் சுமந்தவர்கள் எங்கே உண்டனர், யார் சமைத்த உணவை உண்டனர் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. பினாங்குத் தலைநகரான ஜார்ஜ் டவுனின் கடைவீதிகளில் இன்று காணப்படும் 'நாசி கண்டார்' கடைகளும் சைவ உணவகங்களும் அவ்வினாவிற்கு விடை கூறும் சான்றுகளாகும். இவ்வுணவகங்கள் தோன்றிய சூழலையும், அவை அடைந்த மாற்றங்களையும், இன்று அவை எதிர்நோக்கும் நிலையையும் இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம். உணவின் சுவையை விதந்து கூறுவது இதன் நோக்கமன்று. உணவகத்தை உழைப்பின் வரலாற்றோடு இணைத்து நோக்குவதே இதன் நோக்கமாகும்.

குடியேற்றமும் கடைத்தெருவும்

1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியின் உடைமையாக்கினார். வரியற்ற துறைமுகமாகத் தொடங்கிய அக்குடியிருப்பை நாடிச் சோழமண்டலக் கரையிலிருந்தும் அண்டை நாடான கெடாவிலிருந்தும் தமிழர் வந்தனர். 1794ஆம் ஆண்டு லைட் எழுதிய குறிப்பில், இம்மக்களுள் ஏறத்தாழ ஆயிரம் பேர் தீவில் நிலையாகத் தங்கிவிட்டனர் என்றும், ஆண்டுதோறும் 1300 முதல் 2000 பேர் வரை கப்பலில் வந்து, உழைத்துச் சிறிது பொருளீட்டித் திரும்புகின்றனர் என்றும் கூறப்பட்டுள்ளது. கடை நடத்துவதும் கூலி வேலை செய்வதுமே அவர்களுடைய தொழில்கள் என்றும் அக்குறிப்பு சுட்டுகிறது. கடைக்காரரும் கூலிக்காரரும் ஒரே சமூகத்தினராக, ஒரே தெருவில் வாழ்ந்தமை இங்கு நோக்கத்தக்கது.

அத்தெருவே சூலியா தெரு ஆகும். லைட் வகுத்த நகரின் எல்லைத் தெருக்கள் நான்கனுள் ஒன்றான இது, முதலில் மலபார் தெரு என வழங்கிப் பின்னர் இப்பெயர் பெற்றது. 'சூலியா' என்னும் சொல் சோழ நாட்டுத் தொடர்பால் அமைந்தது என்பர். பினாங்கில் அது பெரும்பாலும் தமிழ் முஸ்லிம்களைக் குறித்தது. 1801ஆம் ஆண்டில் காதர் மொஹிதீன் மரைக்காயரின் தலைமையில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்கான நிலம் பெறப்பட்டது. நாகூர் ஆண்டவர் பெயரிலான தர்கா அதே தெருவில் எழுந்தது. 1833இல் குவீன் தெருவில் மகாமாரியம்மன் கோயில் அமைந்தது. பினாங்குத் தெருவில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் இயங்கின. சில நூறு அடிகளுக்குள் அமைந்த இந்நிலப்பரப்பே தமிழர் உணவகங்களின் பிறப்பிடமாகும்.

காவுதடியின் காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் பினாங்குத் துறைமுகத்தில் தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினராக இருந்தனர். பெருங்கப்பல்களிலிருந்து சரக்கைத் தொங்காங் படகுகளில் இறக்கிக் கரைசேர்ப்பதும், கிடங்குகளுக்குச் சுமந்து செல்வதும் அவர்களுடைய பணிகளாகும். இவர்களுள் பெரும்பாலோர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியராக வந்த ஆடவர். பலர் கூடித் தங்கிய இடங்களில் அடுக்களைக்கு இடமில்லை. விடியலில் தொடங்கும் வேலையில் சமைப்பதற்கு நேரமுமில்லை. எனவே விலை குறைந்த, வயிறு நிறைக்கும், வேலையிடத்திற்கே வந்து சேரும் உணவு தேவைப்பட்டது.

இத்தேவையை நிறைவு செய்தவர்கள் தமிழ் முஸ்லிம் உணவு வணிகர்கள். ஒரு தடியின் ஒரு முனையில் சோற்றுப் பானையையும் மறுமுனையில் குழம்பு வகைகளையும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து அவர்கள் தெருத்தெருவாகச் சென்றனர். மலாய் மொழியில் 'நாசி' என்பது சோற்றையும், 'கண்டார்' என்பது அவ்வாறு தோளில் காவிச் செல்வதையும் குறிக்கும். எனவே 'நாசி கண்டார்' என்னும் பெயர் உணவுப் பொருளின் பெயரன்று. அதனைச் சுமந்த முறையின் பெயராகும். உலகில் பல உணவுகள் ஊராலும் பொருளாலும் பெயர் பெற்றிருக்க, இவ்வுணவு ஒரு தொழிலாளியின் தோளால் பெயர் பெற்றுள்ளது.

உணவின் அமைப்பிலும் அச்சூழலின் தடம் உண்டு. மீன் குழம்பு, இறைச்சிக் குழம்பு, வெண்டைக்காய், கத்தரிக்காய், அவித்த முட்டை ஆகியன சோற்றுடன் பரிமாறப்படும். பல குழம்புகளைக் கலந்து சோற்றின்மேல் ஊற்றுவது இதன் தனித்தன்மை. இறைச்சித் துண்டு வாங்க இயலாதவனும் குழம்பின் சுவையைப் பெற இம்முறை வழி செய்தது எனக் கருத இடமுண்டு.

தோளிலிருந்து கடைக்கு

காவுதடி வணிகர் காலப்போக்கில் மரத்தடியிலும் கடைவீடுகளின் ஐந்தடிப் பாதையிலும் இடம் பிடித்தனர்; பின்னர்க் கடைவீடுகளையே வாடகைக்கு எடுத்தனர். கேம்பல் தெருவிலுள்ள ஹமீதியா உணவகம் 1907ஆம் ஆண்டைத் தன் தொடக்க ஆண்டாகக் கூறி வருகிறது. இவ்வணிகருள் பலர் இராமநாதபுரக் கடற்கரைச் சிற்றூர்களிலிருந்து வந்தவர்கள். ஓர் ஊரினர் ஒருவர் கடை தொடங்கினால், அவருடைய உறவினரும் ஊராரும் வேலையாட்களாக வந்து, தொழில் பழகிப் பின்னர்த் தனிக்கடை வைப்பது வழக்கமாயிற்று. சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்கு வந்த 'ரஜுலா' போன்ற கப்பல்களே இத்தொடர்பின் பாலமாக விளங்கின. 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிய அக்கப்பலுக்குப் பின்னர் 'சிதம்பரம்' கப்பல் அவ்வழியில் இயங்கியது. 1985ஆம் ஆண்டு அது தீவிபத்துக்குள்ளானதோடு இக்கடல்வழிப் பயணம் முடிவுற்றது.

இவ்வுணவகங்களின் சமூகப் பயன் தனியே கருதத்தக்கது. அக்காலத் தமிழ்த் தொழிலாளிக்கு வேலை முடிந்தபின் செல்வதற்கு இருந்த மற்றோர் இடம் கள்ளுக்கடை. குடியேற்றத்தின் தொடக்கக் காலம் முதலே சாராயம், கள் ஆகியவற்றின் விற்பனையுரிமை குத்தகைக்கு விடப்பட்டு அரசுக்கு வருவாய் ஈட்டித் தந்தது. தொழிலாளியின் கூலியின் ஒரு பகுதி இவ்வாறு ஆட்சியாளரிடமே திரும்பிச் சென்றது. 1929 டிசம்பரில் தந்தை பெரியார் பினாங்கில் வந்திறங்கி மலாயாவில் மேற்கொண்ட பயணத்தால் ஊக்கம் பெற்ற சீர்திருத்த இயக்கத்தினர் கள்ளுண்ணாமையை வலியுறுத்தினர். 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தில் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாக இருந்தது. இப்பின்னணியில் நோக்கும்போது, மது இல்லாத தமிழ் முஸ்லிம் உணவகம் தொழிலாளர் கூடி அமர்ந்து பேசுவதற்குரிய மாற்றுப் பொதுவிடமாக விளங்கியது எனலாம். மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் ஒரே கடையில் உண்ணும் வழக்கமும் இங்கு வேரூன்றியது. 'மாமா' என்னும் தமிழ் உறவுமுறைச் சொல்லே மலாயில் 'மாமாக்' ஆகி இக்கடைகளின் பொதுப் பெயராயிற்று. உறவைக் குறித்த அச்சொல் சில வேளைகளில் இழிவுக் குறிப்போடு வழங்கியதையும் மறுப்பதற்கில்லை.

துறைமுகம் நீங்கிய நகரம்

இவ்வுணவகங்களை உருவாக்கிய சூழல் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் படிப்படியாக மறைந்தது. 1969இல் பினாங்கு தன் வரியற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. சரக்குப் பணிகள் 1970களில் எதிர்க்கரையான பட்டர்வொர்த்துக்கு மாறின. கொள்கலன் முறை தோள்சுமைக்கு முடிவு கட்டியது. உணவு சுமந்தவரும் சரக்கு சுமந்தவரும் ஒருங்கே மறைந்தனர்.

ஆயினும், மக்கள் நகரைவிட்டு உடனே நீங்கவில்லை. 1948ஆம் ஆண்டுக்கு முன்னர்க் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை வரையறுத்த 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அவர்களுக்கு அரணாக இருந்தது. அச்சட்டத்தின் காப்பைப் பெற்ற கட்டடங்கள் நாட்டிலேயே பினாங்கில்தான் மிகுதி. 1997இல் இயற்றப்பட்ட நீக்கச் சட்டத்தால் 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாளோடு அக்காப்பு அகன்றது. வாடகை உயர்ந்தது, மேல்மாடியில் குடியிருந்து கீழே கடை நடத்திய குடும்பங்கள் பல வெளியேறின. கட்டடத்தைப் பேணாமல் விட்டமைக்கு அச்சட்டமே காரணம் என்னும் உரிமையாளர் தரப்பு வாதத்திலும் உண்மை இல்லாமலில்லை. ஆனால், கட்டடம் சீர்பெற்றபோது அதில் வாழ்ந்தோர் அங்கில்லை என்பதே விளைவாயிற்று.

2008ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் ஜார்ஜ் டவுன் மலாக்காவுடன் இணைந்து யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. சுற்றுலாப் பயணிகள் பெருகினர். சூலியா தெருவிலும் அதனை ஒட்டிய லவ் லேனிலும் தங்கும் விடுதிகளும் காப்பிக் கடைகளும் பீர் விற்கும் மதுக்கூடங்களும் மிகுந்துள்ளன. அன்று கள்ளுக்கடையில் அமர்ந்தவன் கூலித் தமிழன். இன்று மதுக்கூடத்தில் அமர்பவர் அயல்நாட்டுப் பயணி. முன்னது சமூகக் கேடு எனப் பழிக்கப்பட்டது. பின்னது நகரின் புத்துயிர்ப்பு எனப் போற்றப்படுகிறது. இம்மதிப்பீட்டு வேறுபாட்டிற்குக் காரணம் குடிக்கும் பொருளன்று, குடிப்பவரின் பொருள்வளமே என்பது எண்ணத்தக்கது.

நாசி கண்டார் கடைகள் அழிந்துவிடவில்லை, நாடெங்கும் கிளைத்துள்ளன. ஆனால், அவற்றின் உள்ளமைப்பு மாறிவிட்டது. கல்லாவில் மூன்றாம் தலைமுறையினர் அமர்ந்திருக்க, அடுக்களைப் பணிக்கு அயல்நாட்டுத் தொழிலாளரை நம்பும் நிலை பரவலாக உள்ளது. 2016 முதல் பினாங்கு அரசு வீதியோரக் கடைகளில் உள்ளூர் உணவுகளை அயல்நாட்டார் சமைப்பதற்குத் தடை விதித்தது. மரபைக் காக்கும் நோக்கம் இதில் தெளிவாகத் தெரிகிறது. எனினும், நாசி கண்டாரைப் படைத்தவர்களும் தம் காலத்தில் கடல் கடந்து வந்த தொழிலாளர்களே என்னும் வரலாற்று உண்மையை இத்தகைய விவாதங்களில் மறந்துவிடலாகாது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, பினாங்கின் தமிழர் உணவகம் துறைமுக உழைப்பின் தேவையிலிருந்து பிறந்த நிறுவனம். இரண்டாவது, அது உண்ணும் இடமாக மட்டுமன்றி, இனங்கள் கூடும் மதுவற்ற பொதுவிடமாகவும் இயங்கியது. மூன்றாவது, மரபுடைமைத் தகுதி கட்டட முகப்புகளைக் காக்கிறது. அம்முகப்புகளுக்குப் பின்னால் நிகழ்ந்த தொழிலையும் வாழ்வையும் அது தானாகக் காப்பதில்லை.

சூலியா சமூகத்தைப் பற்றிக் கூ சல்மா நசூத்தியோன் 2014இல் வெளியிட்ட ஆங்கில நூல், பள்ளிவாசலை மையமாகக் கொண்ட அச்சமூகத்தின் வரலாற்றை 1957 வரை விரிவாக எடுத்துரைக்கிறது. தமிழில் அத்தகைய முயற்சி உணவகங்களை மையமாகக் கொண்டு மேற்கொள்ளப்பட வேண்டும். பழைய கணக்கேடுகள், உரிமச் சீட்டுகள், பெயர்ப்பலகைகள், ஊருக்கு எழுதிய கடிதங்கள் ஆகியவை கடைகள் கைமாறும்போது குப்பையோடு செல்கின்றன. தமிழில் எழுதப்பட்ட அவ்வேடுகளைத் தமிழறிந்த மாணவரே படித்துப் பதிவு செய்ய இயலும். காவுதடியைக் கண்ட தலைமுறையினர் அருகி வரும் இந்நாளில், நம் துறை மாணவர்கள் இப்பணியை ஓர் ஆய்வுத் திட்டமாக மேற்கொள்வார்களாயின் அது காலத்தாற் செய்த உதவியாக அமையும்.