வாடி நாய்களின் பழக்கம்

கற்பிட்டியில் 1667 ஆம் ஆண்டு ஒல்லாந்தர் கோட்டை எழுப்பத் தொடங்கியதைச் சரித்திர நூல்கள் சிரத்தையுடன் குறித்துவைத்திருக்கின்றன; ஆயினும், அக்கடற்கரையிலும் தெற்கே உடப்பிலும் பருவந்தோறும் வாடி எனும் மீனவர் குடில்கள் அமைத்துக் கரைவலை இழுத்த ஜனங்கள், கருவாட்டுக்குக் காவலாக நின்ற நாட்டு நாய்களை எவ்விதம் பழக்கினார்கள் என்பதைப் பற்றி அவை அபூர்வமாகவே பேசுகின்றன.

வலை கரையேறி, இழுவைக்காரரின் ஆரவாரம் ஓய்ந்த பின்னர், குட்டியின் பெயரை ஒரேமுறை அழைத்து, அது நண்டையும் காகத்தையும் விட்டு முகம் நோக்கிய அந்தக் கணத்திலேயே சூடைமீன் துண்டொன்றை உள்ளங்கையில் நீட்டி, ஆவல் தணியுமுன்னே பாடத்தை நிறுத்திவிடுவதுதான் கடலோர வழக்கம். எத்துணை நுட்பமான முறை! ஓசையையும் உணவையும் நாய் இவ்வாறு இணைத்துக்கொள்வதை விஞ்ஞானமும் கண்டது: உணவுக்கு முன் கேட்கும் ஓசைக்கே நாயின் வாயில் நீர் சுரப்பதை ஆராய்ந்தவர், 1904 இல் நோபெல் பரிசு பெற்ற ருஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ். 1910 இல் ஜெர்மானியராகிய கொன்ராட் மோஸ்ட் வெளியிட்ட பயிற்சி நூல், வெகுமதியும் தண்டனையும் தக்க தருணத்தில் வரவேண்டுமென்றது. பின்வந்தோர் பலர் தண்டனையை மாத்திரம் பற்றிக்கொண்டது துரதிர்ஷ்டமே.

உடப்பிலும் கற்பிட்டியிலும் வாழும் வலைச் சொந்தக்காரரான முதிய சம்மாட்டிமாரிடம் இவ்வழக்கங்களைக் கேட்டு எழுதிவைக்க அவ்வூர் இளைஞர்கள் முன்வரவேண்டும்.