சாய்ந்த கோபுரமும் விலைபோன வானும்

விஞ்ஞானத்தின் வெற்றிகள் யாவும் மனித குலத்தின் வெற்றிகளே என்பதில் ஐயமில்லை. ஆயினும், அவற்றின் பயனை முதலில் நுகர்ந்தவர் யார், அவற்றுக்குரிய விலையைக் கொடுத்தவர் யார் என்று வினவுவது வரலாற்று மாணவனின் கடமையாகும். ஐக்கிய அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், வில்மிங்டன் என்னும் துறைமுக நகரின் தொலைக்காட்சி நிலையமொன்றின் கதை இதற்குத் தக்கதோர் உதாரணமாகும்.

இன்று டபிள்யூ.ஈ.சி.ரி. எனப்படும் அந்நிலையம் 1954 ஏப்ரல் 9ஆம் திகதி ஆறாம் அலைவரிசையில் ஒளிபரப்பைத் தொடங்கியது. 1969இல் பிளேடன் பகுதியின் நாட்டுப்புறத்தில் எழுப்பப்பட்ட அதன் கோபுரம் 1,905 அடி உயரமுடையது. தாழ்ந்த அதிர்வெண்ணுடைய அந்த அலை, நகரத்தைத் தாண்டி நெடுந்தொலைவிலிருந்த கிராமத்து வீடுகளையும் எட்டியது. கூரைமேல் ஓர் அன்ரனா இருந்தாற் போதும். மாதக் கட்டணம் எதுவுமில்லை. தூரம் கூடக்கூடப் படம் மங்கும், புள்ளிகள் மொய்க்கும். எனினும் உருவம் தெரியும், குரல் கேட்கும். புயல்கள் வந்து மோதும் அக்கரையோரத்தில் அந்த மங்கிய படமும் ஓர் எச்சரிக்கை மணியாக விளங்கியது.

டிஜிட்டல் எனப்படும் இலக்கமுறை ஒளிபரப்பு பழைய முறையினும் மேம்பட்டது. படத்தையும் ஒலியையும் எண்களாக்கிச் சுருக்கி அனுப்புவதால், முன்னர் ஒரு நிகழ்ச்சி சென்ற இடத்தில் இப்போது பல செல்லலாம். ஆனால் அதற்கு மங்கல் என்ற நிலை இல்லை. அலை போதிய வலுவுடன் வந்தால் முழுப் படம். வலுக் குன்றினால் வெறுந் திரை.

மாற்றத்துக்குத் தூண்டுகோல் தெளிவான படம் மட்டுமன்று. இலக்கமுறைக்கு மாறினால் வானலைகளில் ஒரு பகுதி மிஞ்சும். 2009 பெப்ரவரி 17உடன் பழைய ஒளிபரப்பை நிறுத்தவேண்டுமென 2006இல் கையொப்பமிடப்பட்ட சட்டம் விதித்தது. மிஞ்சும் அலைகள் 2008இன் முற்பகுதியில் ஏலம்போயின; ஏறத்தாழ 1,900 கோடி டொலர் திரண்டது. வெரைசன், ஏ.ரி. அன்ட் ரி. ஆகிய இரு பெருங் கம்பனிகளே அவற்றின் பெரும்பங்கைக் கைப்பற்றின.

நாட்டுக்கு முன்னோடியான பரிசோதனைக் களமாக வில்மிங்டன் தெரிவு செய்யப்பட்டது. 2008 செப்டெம்பர் 8 நண்பகல், விழாக் கோலத்துடன் பெரியதொரு விசை இழுக்கப்பட்டது. நகரின் வர்த்தக நிலையங்கள் பழைய ஒளிபரப்பை நிறுத்தின. இரண்டு நாட்களுக்கு முன்னர்தான் ஹன்னா புயல் கரோலினாக் கரையைக் கடந்திருந்தது. புயற்காலம் கருதி மாநிலத்தின் பொதுத் தொலைக்காட்சி மட்டும் பழைய அலையைக் கைவிடாதிருந்தமை குறிப்பிடத்தக்கது.

முறைப்பாடுகள் நூற்றுக்கணக்கில் வந்தன. மாற்றிப் பெட்டியை இணைக்கத் தெரியாதோர் சிலர். அன்ரனா போதாதோர் சிலர். ஆறாம் அலைவரிசையின் தொலைவிடத்து நேயர்களின் நிலையோ வேறு. இலக்கமுறை அலை, கடற்கரைக்கு அண்மையிலுள்ள வின்னபோவிலிருந்து உயர்ந்த அதிர்வெண்ணில் அனுப்பப்பட்டது. பிளேடன் கோபுரத்தை நம்பியிருந்தோரிற் பலர் அதன் எல்லைக்கு வெளியே நின்றனர். பெட்டி வாங்கியும் அவர்களுக்குப் பயனில்லை. கேபிளுக்கோ செய்மதிக்கோ பணம் கட்டக்கூடியவர்களை இம்மாற்றம் தீண்டவேயில்லை.

அரசு உதவவில்லை என்று கூறுவதற்கில்லை. வீட்டுக்கு இரண்டு வரை, 40 டொலர் பெறுமதியான கூப்பன்கள் வழங்கப்பட்டன. அதற்கென ஒதுக்கப்பட்ட தொகை 150 கோடி டொலர். ஏலப் பணத்தில் பத்தில் ஒன்றுக்கும் குறைவு. 2009 ஜனவரித் தொடக்கத்திலேயே அது எல்லையை எட்ட, விண்ணப்பித்தோர் காத்திருப்போர் பட்டியலில் இடப்பட்டனர். அதன் பின்னரே காங்கிரஸ் தவணையை ஜூன் 12 வரை நீட்டியது. ஏலத்துக்குத் தவணை தேவைப்படவில்லை, ஏழைக்கே தேவைப்பட்டது.

2012 செப்டெம்பர் 20ஆம் திகதி பிளேடன் கோபுரம் தகர்த்து வீழ்த்தப்பட்டது. அதற்காக நாம் வருந்த வேண்டியதில்லை. பழைய கருவி போய்ப் புதியது வருவது இயல்பே. ஆனால் வானலை எவருடைய தனியுடைமையுமன்று. அதனை விற்ற பணத்தில் முதற் பங்கு, அதனை இழந்தவனுக்கு உரியது. அப்பங்கைக் கொடுத்து முடித்த பின்னரே விசையை இழுத்திருத்தல் வேண்டும்.