களைகொத்தியின் பிடி

கருவிகளின் வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் அவற்றின் அலகையே நோக்குவர். கல்லா, வெண்கலமா, இரும்பா என்பதைக் கொண்டு நாம் யுகங்களையே வகுத்துவிட்டோம். ஆயின் உழைப்பவனுடைய உடலோடு உறவு கொள்வது அலகன்று, பிடி. அப்பிடியின் நீளத்தை நிர்ணயித்தவர் யார், யாருடைய வசதிக்காக நிர்ணயித்தார் என்று வினவுமிடத்துப் பொறியியலின் எல்லை முடிந்து சமூக வரலாறு தொடங்குகின்றது.

உழைப்பு உடலை உருக்குலைக்கும் என்பது நேற்றுக் கண்ட உண்மையன்று. இத்தாலிய மருத்துவர் ரமற்சீனி 1700 ஆம் ஆண்டில் வெளியிட்ட தொழிலாளர் நோய்கள் பற்றிய நூலிலேயே, இயற்கைக்கு மாறான உடல்நிலைகளை நோய்க்குரிய காரணங்களுள் ஒன்றாகக் காட்டினார். 1857 இல் போலந்து அறிஞர் யஸ்ட்ஷெம்பொவ்ஸ்கி ‘உழைப்பு’, ‘விதி’ எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து இத்துறைக்குப் பெயர் சூட்டினார். பணிச்சூழலியல் என இன்று தமிழில் வழங்குவது இதனையே. எனவே அறிவு இருந்தது. அது யாருக்குப் பயன்பட்டது என்பதே கேள்வி.

1898 முதல் 1901 வரை அமெரிக்காவின் பெத்லெகேம் உருக்காலையிற் பணியாற்றிய பிரெடெரிக் ரெயிலர், ஒரு தடவைக்கு ஏறத்தாழ 21 இறாத்தல் பாரத்தை அள்ளும்போதே ஒருவன் நாள் முழுவதிலும் மிகக்கூடிய வேலையைச் செய்கிறான் எனக் கண்டார். பாரமான பொருளுக்குச் சிறிய சவலும் இலேசான பொருளுக்குப் பெரிய சவலும் வழங்கினார். கருவியை உடலுக்கு அளந்தமைத்த முயற்சி என்ற வகையில் இது போற்றத்தக்கதே. ஆயினும் 1911 இல் வெளிவந்த நூலில் அவரே தரும் கணக்கைப் பாருங்கள்: 400 முதல் 600 பேர் செய்த வேலையை 140 பேர் செய்தனர்; அவர்களது நாட்கூலியோ 1.15 டொலரிலிருந்து 1.88 டொலருக்கே உயர்ந்தது. அளக்கப்பட்டது உழைப்பாளியின் உடல். அளந்த கை முதலாளியினுடையது.

ரெயிலராவது அளந்தார். கலிபோர்ணியாவின் பெரும் பண்ணைகளில் அதற்கும் தேவை எழவில்லை. சலினாஸ் பள்ளத்தாக்கு நாவலாசிரியர் ஸ்ரைன்பெக் பிறந்த மண். அவரைப் பயின்ற நம் வாசகருக்கு அந்நியமானதன்று. அங்கும் அயலிலும் அக்காலத்திற் சலாதுக் கீரையும் சீனி எடுக்கும் பீற்றூட் கிழங்கும் பயிரிடப்பட்டன. நெருங்கி முளைத்த செடிகளுள் மிகையானவற்றை அகற்றவும் களை கொத்தவும் தொழிலாளர் கையிற் கொடுக்கப்பட்ட களைகொத்தியின் பிடி ஏறத்தாழ ஓர் அடி நீளமே. நமது தோட்டக்காரரின் மண்வெட்டியை மனத்திற் கொண்டு இதனை நோக்குதல் ஆகாது. இடுப்பிலிருந்து இரண்டாக மடிந்தாலன்றி இதன் அலகு நிலத்தைத் தொடாது. அந்நிலையில், வரிசை வரிசையாக, நாள் முழுவதும் நகரவேண்டும். தொழிலாளர் இதனை ‘எல் கொர்த்தீத்தோ’, அதாவது ‘குட்டையன்’ என்றழைத்தனர்.

1942 முதல் 1964 வரை இரு அரசுகளின் ஒப்பந்தப்படி மெக்சிக்கோவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளருக்கு ‘பிராசெரோ’ என்று பெயர். கை என்னும் சொல்லடியாகப் பிறந்தது அது. கைகள் வேண்டப்பட்டன, முதுகைப்பற்றி எவரும் கேட்கவில்லை.

பிடி நீண்டால் பயிர் சேதமுறும், வேலை தாமதமாகும் என்றனர் பண்ணையார். தொழிலாளர் அறிந்த காரணம் வேறு. எல்லோரும் குனிந்து நிற்கும் வயலில் நிமிர்ந்தவன் எவனோ அவன் வேலை செய்யவில்லை. தூரத்தில் நிற்கும் கங்காணிக்கு இதனைக் காண ஒரு பார்வை போதும். ஆக, அக்குறும்பிடி வேளாண்மைக் கருவியாக மட்டுமன்றி மேற்பார்வைக் கருவியாகவும் விளங்கிற்று. பண்ணைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியெழுப்பிய சேசர் சாவேஸ் இளமையில் இதனைப் பிடித்து உழைத்தவர். முதுகுவலி அவரை இறுதிவரை விடவில்லை.

1972 இல் கிராமியச் சட்ட உதவி அமைப்பொன்றின் வழக்கறிஞர்கள் தொழிலாளர் சார்பில் மாநிலத் தொழிற்பாதுகாப்புப் பிரிவிடம் இக்கருவியைத் தடைசெய்யுமாறு கோரினர். முதுகெலும்பு நிரந்தரமாகப் பழுதுறுகிறது என மருத்துவர்கள் சாட்சியமளித்தனர். 1973 இல் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. நிராகரித்த நியாயம் நுணுகி நோக்கத்தக்கது. ‘ஆபத்தான கைக்கருவி’ என்று விதி கூறுவது உடைந்த, பழுதான கருவியையே. களைகொத்தியோ செவ்வையாகவே செய்யப்பட்டிருக்கிறது என்றது அப்பிரிவு. கருவியிற் பழுதில்லை, மனிதனிலேதான் பழுது என்பதன்றி இதற்கு வேறென்ன பொருள்? 1975 ஜனவரியில் கலிபோர்ணிய உயர் நீதிமன்றம் இவ்விளக்கம் குறுகியது எனத் தள்ளியது: வழக்கமான முறையிற் பயன்படுத்தும்போதே ஊறு விளைவிக்கும் கருவியும் ஆபத்தான கருவியே. அவ்வாண்டு ஏப்ரிலில், ஜெரி பிரவுண் ஆளுநராயிருந்த நிர்வாகம் அதனைத் தடைசெய்தது. நீண்ட பிடி வந்தது. சலாதுப் பயிர்ச்செய்கை அழிந்துவிடவில்லை.

ஆயினும் கதை அத்துடன் முடியவில்லை. தடைசெய்யப்பட்டது குறும்பிடியேயன்றிக் குனிதலன்று. பண்ணைகள் பலவற்றில் கருவியே இன்றி வெறுங்கையாற் களைபிடுங்குமாறு தொழிலாளர் பணிக்கப்பட்டனர். உடல் பழைய நிலைக்கே மடிந்தது. அவசியமற்ற கைக்களையெடுப்பைக் கட்டுப்படுத்தும் விதியைக் கலிபோர்ணியா இயற்றுவதற்கு 2004 வரை, அதாவது மேலும் 29 ஆண்டுகள் சென்றன. அவ்விதியிலும் இயற்கைவழிப் பண்ணைகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. களைகொல்லி தெளிக்காத நிலத்திற் கையாற் பிடுங்குவது தவிர்க்கவியலாதது என்பதே அப்பண்ணையாரின் வாதமாயிருந்தது.