354 தடவை ஒத்துப்போன பெயர்

1950ல் கலிபோர்னியாவில் செனட் தேர்தல். ரிச்சர்ட் நிக்ஸனின் ஆட்கள் இளஞ்சிவப்புத் தாளில் ஒரு துண்டுப்பிரசுரம் அடித்தார்கள். எதிர்த்து நின்ற ஹெலன் ககன் டக்ளஸ், பிரதிநிதிகள் சபையில் வீட்டோ மார்க்கன்டோனியோவோடு 354 தடவை ஒத்து ஓட்டுப் போட்டிருக்கிறார் - குற்றச்சாட்டு இவ்வளவுதான். விளக்கம் தேவைப்படவில்லை. அந்தப் பெயரே வசையாகியிருந்தது.

அவர் 1902ல் நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெமில் பிறந்தவர். இத்தாலியர்களும் புவேர்ட்டோ ரிக்கோக்காரர்களும் நெருக்கியடித்து வாழ்ந்த ஏழைப் பகுதி அது. 1934ல் குடியரசுக் கட்சிச் சீட்டில் ஜெயித்து, 1936ல் தோற்று, 1938ல் அமெரிக்கத் தொழிலாளர் கட்சிக்காரராகத் திரும்பினார். வாடகை, நிவாரணம், குடியுரிமை என்று சனம் அவர் அலுவலகத்தில் காத்துக் கிடக்கும். இத்தாலிய மொழியிலும் ஸ்பானிய மொழியிலும் அவர்களோடு பேசுவார்.

'மனு எழுதும் அரசியல், வெறும் சீர்திருத்தவாதம்' என்று நாம உடனே உதட்டைப் பிதுக்கிடுவோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் வாஷிங்டனில் அவர் தனியாக நிற்கக் கால் ஊன்றிய தரை அந்தக் கூட்டம்தான். தென்மாநிலங்களில் கறுப்பர்களையும் ஏழை வெள்ளையரையும் வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்திய வாக்கு வரியை ஒழிக்க மசோதா கொண்டுவந்தார். கீழவையில் தேறியது, செனட்டில் செத்தது. புவேர்ட்டோ ரிக்கோ விடுதலைக்கு 1936லேயே மசோதா. 1950 ஜூனில் கொரியப் போர்த் தலையீட்டை எதிர்த்துச் சபையில் ஒலித்தது அவர் குரல் ஒன்றுதான்.

அதுக்காகப் புனிதராக்க வேண்டியதில்லை. ஐரோப்பியப் போரில் அமெரிக்கா இறங்கக் கூடாது என்றவர், 1941 ஜூனில் ஹிட்லர் சோவியத் மீது பாய்ந்ததும் போரை ஆதரித்தார். இது கம்யூனிஸ்ட் கட்சி போட்ட திருப்பம். கிழக்கு ஹார்லெம் கேட்ட திருப்பம் இல்லை.

அவரை வீழ்த்திய விதத்தைப் பாருங்கள். 1942ல் ஜனநாயக, குடியரசுக் கட்சிகளின் முதற்கட்டத் தேர்தல்களிலும் அவரே ஜெயித்திருந்தார். 1947ல் மாநிலச் சட்டம் வந்தது: பிற கட்சியின் முதற்கட்டத் தேர்தலில் நிற்க அந்தக் கட்சிக் குழுவே அனுமதிக்கணும். 1948ல் தன் கட்சிச் சீட்டில் மட்டும் நின்றும் ஜெயித்தார். 1950ல் ஜனநாயக, குடியரசு, லிபரல் கட்சிகள் மூன்றும் ஒரே வேட்பாளரின் பின்னால் நின்றன. 'இரு கட்சி ஜனநாயகம்' என்கிற எதிர்வு அந்தத் தொகுதியில் அப்படியே கரைந்துபோனது. தோற்றார்.

மறுவருடம் டு பாய்ஸுக்காக நீதிமன்றத்தில் வாதாடினார். டு பாய்ஸ் விடுதலையானார். 1954 ஆகஸ்ட் 9, மழை. மன்ஹாட்டன் தெருவில் மாரடைப்பில் விழுந்து இறந்தார். கத்தோலிக்கத் திருச்சபை அடக்கச் சடங்கை மறுத்தது. இறுதி ஊர்வலத்துக்குக் கிழக்கு ஹார்லெம் ஆயிரக்கணக்கில் திரண்டது.